முகூர்த்தப் புடவையும் எங்கள் வயிற்றெரிச்சலும்

கடையின் வெள்ளை மெத்தையில் நான் சாய்ந்து உட்கார்ந்தது அன்றுதான் முதல் தடவை.

பட்டுக் கடைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுப் போனவர்களுக்கு அந்த மெத்தையைத் தெரியும். தரை முழுக்க விரித்து, மேலே வெள்ளைத் துணி போர்த்தி, சுவரோரமாகத் திண்டுகள் போட்டிருப்பார்கள். திண்டு வாடிக்கையாளருக்கு. விற்கிற எங்களுக்கு முழங்கால். மண்டி போட்டுப் புடவை விரிப்போம். ஆள் இல்லாத நேரத்தில் அலமாரி ஓரம் நிற்போம். உட்காரவிட்டால் நாங்கள் சோம்பேறி ஆகிவிடுவோம் என்று முதலாளிக்குப் பயம். அவர் மட்டும் சுழல் நாற்காலியில் உட்கார்ந்தே இருந்தார், கம்பெனி திவாலாகும்வரை.

அன்று காலை கடை திறந்ததும் நேராகப் போய் மெத்தையில் உட்கார்ந்தோம். திண்டில் சாய்ந்தோம். சிலர் காலைக்கூட நீட்டினார்கள். கொடி இல்லை, கோஷம் இல்லை. புடவை விரிக்க மாட்டோம், அதுதான் எங்கள் வேலைநிறுத்தம். ஏசியை நிறுத்திப் பல வாரம் ஆகியிருந்தது. மின்விசிறிக் காற்றில் புதுப் பட்டின் வாசனையோடு எங்கள் வியர்வை வாசனையும் சேர்ந்து சுற்றிக்கொண்டிருந்தது.

ஏகாம்பரம் அண்ணா மட்டும் உட்காரவில்லை. தளத்திலேயே மூத்த விற்பனையாளர் அவர். நெசவுக் குடும்பம், நெற்றி நிறைய விபூதி, கோயில் உற்சவத்தில் சாமி தூக்குகிற தோள். முந்தைய நாள் கூட்டத்தில் அவரும் கை தூக்கியவர்தான். கேட்டால் முதுகு பிடித்துக்கொண்டது என்றார். கல்லாப் பெட்டிக்கு வழக்கம்போல் கற்பூரம் காட்டினார். பெட்டிக்குள் காசு இல்லாவிட்டாலும் அந்த மரியாதைக்குக் குறைவில்லை.

கற்பூரம் அணையவில்லை, வாசலில் ஒரு வேன் வந்து நின்றது.

"முகூர்த்தப் புடவ பாக்கணும்பா, பொண்ணுக்கு. ராகு காலத்துக்கு முன்னாடி எடுத்துடணும்" என்று சொல்லிக்கொண்டே ஓர் அம்மா முன்னால் வந்தார். பின்னால் கல்யாணப் பெண், அத்தைகள், சித்திகள், வழியில் வாங்கிய இட்லிப் பொட்டலத்தோடு ஒரு தாய்மாமன்.

அன்றைய முதல் வாடிக்கையாளர். அதாவது போணி.

இந்த ஊரில் கடை வைத்திருக்கிறவர்கள் கடனை அடைக்காமல் இருப்பார்கள், வரி கட்டாமல் இருப்பார்கள், கூடப் பிறந்தவனோடு பேசாமல்கூட இருப்பார்கள். போணிக்கு வந்த ஆளை மட்டும் வெறுங்கையோடு அனுப்ப மாட்டார்கள். முதல் வியாபாரம் தட்டிப்போனால் அன்றைய நாளே போச்சு. பூக்கடை, பட்டுக்கடை, பஞ்சர் கடை எல்லாவற்றுக்கும் இதே சட்டம்தான்.

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். ஏகாம்பரம் அண்ணா எங்களைப் பார்க்காமலே அலமாரியைத் திறந்தார்.

"அண்ணா, இன்னா பண்றீங்க?" என்றேன்.

"போணிமா அற்புதம். போணிய எப்டிமா திருப்பி அனுப்பறது? இத மட்டும் முடிச்சுட்டு குந்திக்கலாம்."

அவ்வளவுதான். ஒவ்வொருத்தராக எழுந்தார்கள். ஒருத்தி தண்ணீர் கொண்டுவர ஓடினாள், ஒருத்தி கண்ணாடியைத் துடைத்தாள். எங்கள் மாபெரும் போராட்டம் ஒரு கற்பூரக் கட்டியின் ஆயுசுகூட இல்லாமல் முடிந்தது. மெத்தையில் நான் ஒருத்திதான் மிச்சம்.

மஞ்சள் கடுதாசிக்கு முன்னும் பின்னும்

போன வாரம் இதே பக்கத்தில் நான் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகி, "சம்பளம் இல்லாத கடையில் ஏனம்மா இருந்தீர்கள், வேறு கடையே இல்லையா உங்கள் ஊரில்?" என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. அந்த வேன் குடும்பம் புடவை பார்க்கட்டும், அதற்குள் இதைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் முதலாளி நல்லவர். நல்லவர் என்றால், தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸை அவரே கையால் கொடுப்பார், "நாமெல்லாம் ஒரே குடும்பம்" என்பார். அந்தக் குடும்பத்தைப் பெருக்கத்தான் ஊர் ஊராகக் கிளை திறந்தார். ஒரு கிளையை மாலில் திறந்தார். மாலுக்கு வருகிறவர்கள் பாப்கார்ன் வாங்கிக்கொண்டு எங்கள் புடவையைக் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டுப் போனார்கள். அப்புறம் வங்கியிலிருந்து ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். அவர்கள் வருகிற நாளிலெல்லாம் முதலாளிக்கு நெஞ்சு வலித்தது.

கோடையில் எங்கள் சம்பளம் நின்றது. அடுத்து முதலாளி நின்றார், அதாவது வருவதை நிறுத்தினார். பிறகு, ஊர் வழக்கில் சொல்வதானால், மஞ்சள் கடுதாசி, அதாவது திவால். வழக்கு அதற்கான நீதிமன்றத்துக்குப் போய், அங்கிருந்து கடையை நடத்த ஓர் அதிகாரி வந்தார். சின்ன வயது, மடிக்கணினி, மெல்லிய குரல். அவர் பெயர் நீளமாக இருந்ததால் நாங்கள் கோர்ட் சார் என்றே கூப்பிட்டோம்.

கோர்ட் சார் முதல் நாளே எல்லாரையும் கூட்டிவைத்துப் பேசினார். "கம்பெனி ஓடிட்டு இருந்தாதான் வாங்க ஆள் வருவாங்க. பூட்டிட்டா வெறும் கட்டடமும் சரக்கும்தான். அதனால நீங்க எல்லாரும் ஒத்துழைக்கணும். நான் வந்ததுக்கு அப்புறம் நீங்க செய்யற வேலைக்குச் சம்பளம் கணக்குல ஏறும். கேஷ் ஃப்ளோ சரியானதும் கொடுப்போம்."

"அது எப்ப சார் சரியாகும்?" என்று யாரோ கேட்டார்கள்.

"ப்ராசஸ்ல இருக்கு" என்றார்.

அவர் செய்த முதல் சீர்திருத்தம், வாடிக்கையாளருக்குக் கொடுக்கிற பாதாம் பாலை நிறுத்தியது. இரண்டாவது, ஏசி. மூன்றாவதற்கு எங்களிடம் நிறுத்த ஒன்றும் இல்லை, சம்பளத்தை ஏற்கெனவே நிறுத்தியிருந்தார்கள்.

வேறு கடைக்குப் போயிருக்கலாம். போய்க் கேட்டும் பார்த்தேன். எங்கள் கடை ஆட்கள் எல்லாரும் வரிசையாக அதே வீதியில் வேலை கேட்டுப் போனால் என்ன ஆகும்? பாதிச் சம்பளத்துக்கு வருகிறாயா என்றார்கள். போதாததற்கு, நாமாக விட்டுப்போனால் பழைய பாக்கி போய்விடும் என்று ஒரு பேச்சு கடைக்குள் உலவியது. உண்மையா என்று யாருக்கும் தெரியாது. பயப்பட அது போதுமானதாக இருந்தது.

தேரும் சுண்டலும்

ஏகாம்பரம் அண்ணாவுக்கும் எனக்கும் தினமும் இதில் சண்டை. சாப்பாட்டு நேரத்தில், டப்பா மூடியைத் திறந்ததும் ஆரம்பித்துவிடுவோம்.

"தேர் இழுக்கறோம்னு வெச்சுக்கமா. பாதித் தெருவுல எல்லாரும் வடத்த வுட்டுட்டா தேர் அங்கியே நின்னுடும். அப்பறம் யாராலயும் நிலைக்குக் கொண்டாற முடியாது. இன்னும் கொஞ்சம் இழுத்தா வாங்கறவன் வந்துடுவான்."

"தேர் இழுத்தா சுண்டலாவது குடுப்பாங்கண்ணா. இங்க பாதாம் பாலையே நிறுத்திட்டாங்க."

"எல்லாத்துலயும் உனக்கு விளையாட்டு."

விளையாட்டெல்லாம் இல்லை. அவர் சொன்னதில் நியாயம் இருந்தது, அதுதான் எரிச்சல். கடை மூடினால் பாக்கி கேட்கக்கூட வாசல் இருக்காது. ஆனால் அவருக்குச் சொந்த வீடு இருந்தது, மகன் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் தொழிற்சாலையில் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தான். அவரால் வடம் பிடிக்க முடியும். எனக்கோ வீட்டுக்குக் கூரையே இல்லை.

பேச்சுக்குச் சொல்லவில்லை. ஐயம்பேட்டையில் எங்கள் வீட்டின் பழைய ஓட்டைப் பிரித்துவிட்டுத் தளம் போடலாம் என்று சித்திரையில் ஆரம்பித்தோம். ஓட்டைப் பிரித்தோம், சம்பளம் நின்றது. சுவர் மேல் நீலத் தார்ப்பாயைக் கட்டி, அதன் கீழே குடித்தனம். பகலில் வீட்டுக்குள் எல்லாமே நீலமாகத் தெரியும், சோறுகூட. என் வீட்டுக்காரர் சாமுவேல் ஐயம்பேட்டைக்கும் காஞ்சிபுரத்துக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். அவருக்கு இதுவும் தமாஷ்.

"டீசல் இல்லாம என் வண்டி ஓட மாட்டேங்குது அற்புதம். நீ எப்டி ஓடற? அந்த வித்தைய எனக்கும் சொல்லிக்குடு."

ஐப்பசி மழை வருவதற்குள் தளம் போட்டாக வேண்டும். குறைந்தபட்சம் ஷீட்டாவது. தார்ப்பாய் ஒரு நல்ல மழைக்குத் தாங்காது என்று எங்கள் இருவருக்குமே தெரியும். அதைப் பற்றி மட்டும் அவர் தமாஷ் செய்யவில்லை.

கூலி பேசாத வேலை

என் தாத்தாவுக்குச் சொந்தமாக ஒரு சாண் நிலம் கிடையாது. ஊர்ப் பெரிய வீட்டில் கல்யாணம் என்றால், பந்தல் போடுவதிலிருந்து எச்சில் இலை எடுப்பதுவரை அவர் போய்ச் செய்ய வேண்டும். கூலி என்று வாயைத் திறக்கக் கூடாது. மிஞ்சியதை வாங்கி வரலாம். அதைப் பார்த்து வளர்ந்த என் அப்பா மிஷன் பள்ளியில் கொஞ்சம் படித்தார், கொத்தனார் வேலை கற்றுக்கொண்டார். "கூலி பேசாம எவன் வூட்டு வேலையிலயும் கை வைக்காத" என்பது அவருக்கு வேதவாக்கியத்துக்கு அடுத்தபடி. பாதிரியார் வீட்டுச் சுவரைப் பூசும்போதுகூட முதலில் கூலியைப் பேசித்தான் கரண்டியைத் தொட்டார். பாதிரியாருக்கு வருத்தம்தான். அப்பாவுக்கு இல்லை.

அந்த மனிதரின் மகள், சீருடைப் பட்டு கட்டி, தலையில் பூ வைத்து, மிஞ்சியதற்காகக் காத்திருந்தாள். இதை நினைத்த அன்று எனக்கு அவமானமாக இருந்தது. குளியலறையில் நின்று அழுதேன். கோபம் அதற்குப் பிறகுதான் வந்தது. மெத்தையில் உட்காருவோம் என்று கூட்டத்தில் முதலில் சொன்னது நான்தான்.

தட்டு

கடைக்கு வருவோம். புடவைகள் மலையாகக் குவிந்திருந்தன. ஏகாம்பரம் அண்ணா வேர்க்க வேர்க்க விரித்தார். வியர்வை பட்டில் விழக் கூடாது என்று கழுத்தில் துண்டு சுற்றியிருந்தார். மனிதர் விற்கிற அழகே தனி. அவர் ஒரு முந்தானையை உதறினால் கூட வந்த சித்திக்கும் ஒன்று எடுக்கத் தோன்றும். கடைசியில் பெண்ணுக்கு ஒன்று பிடித்துவிட்டது. கிளிப்பச்சை உடல், அரக்குக் கரை. தோளில் போட்டுக் கண்ணாடியைப் பார்த்தாள். அவளுக்கென்றே நெய்தது போல இருந்தது. எனக்கே எழுந்து போய்க் கொசுவம் வைத்துக் காட்டக் கை துறுதுறுத்தது. கையை மடிக்குள் வைத்துக்கொண்டேன்.

எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. முகூர்த்தப் புடவையைப் பையில் போட்டு நீட்ட மாட்டோம். தட்டில் மஞ்சள், குங்குமம், பூவோடு வைத்து, ஒரு சுமங்கலி தன் கையால் பெண்ணின் தாயிடம் கொடுக்க வேண்டும். தளத்துப் பெண்களில் மூத்தவள் என்பதால் பல வருடமாக அந்த வேலை எனக்கு. ஞாயிற்றுக்கிழமை கோயில் மணி அடித்தால் நான் போவது மாதா கோயிலுக்குத்தான். இதை யேசுவும் கண்டுகொள்ளவில்லை, காமாட்சியும் கண்டுகொள்ளவில்லை.

"அற்புதம், வந்து எடுத்துக் குடுமா" என்றார் ஏகாம்பரம் அண்ணா. தட்டு தயாராக இருந்தது.

நான் எழுந்திருக்கவில்லை.

"அற்புதம்..."

பெண்ணின் தாய் என்னைப் பார்த்தார். "இன்னாமா, உடம்பு சரியில்லயா? வந்ததுலேர்ந்து பாக்கறேன், நீ மட்டும் குந்திக்கினே இருக்க."

"உடம்புக்கு ஒண்ணுமில்லமா. சம்பளம்தான் இல்ல."

"எப்பலேர்ந்து?"

"கோடையிலேர்ந்துமா. எனக்கு மட்டும் இல்ல, இங்க இருக்கற யாருக்கும் இல்ல."

அந்த அம்மா தண்ணீர் கொடுத்த பெண்ணைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். கண்ணாடி துடைத்தவளைப் பார்த்தார். பிறகு ஏகாம்பரம் அண்ணாவிடம் திரும்பி, "நெசமாபா?" என்றார்.

"குடுப்பாங்கமா..."

"குடுத்தாங்களா?"

நெற்றி நிறைய விபூதியோடு, முகூர்த்தப் புடவையைக் கையில் வைத்துக்கொண்டு, அந்த மனிதரால் பொய் சொல்ல முடியவில்லை. "இல்லமா" என்றார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வியர்வை மட்டும்தானா என்று எனக்குத் தெரியவில்லை.

அந்த அம்மா பெண்ணின் தோளிலிருந்த புடவையை எடுத்து, மடித்து, தட்டில் வைத்தார். "எம் பொண்ணு வாழப்போற புடவ இது. வயிறெரிஞ்சு குடுக்கற கையால வாங்க மாட்டேன். உங்க மேல தப்பில்லபா." தன் ஆட்கள் பக்கம் திரும்பி, "எழுந்துருங்க எல்லாரும்" என்றார்.

பெண்ணின் கண் கலங்கிவிட்டது. அவளைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஒரு நிமிடம் எழுந்து போய்க் கொடுத்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். எங்கள் வீட்டுத் தார்ப்பாய் ஞாபகம் வந்தது. உட்கார்ந்தே இருந்தேன்.

அந்த நேரம் பார்த்துக் கோர்ட் சார் உள்ளே வந்தார். வியாபாரம் கலைவது மட்டும் அவருக்குப் புரிந்தது. "என்ன பிரச்சினை? ஸ்பெஷல் டிஸ்கவுண்ட் போட்டுத் தரச் சொல்றேன் மேடம்" என்றார்.

"டிஸ்கவுண்ட் வேணாம் சார். இவுங்களுக்குச் சம்பளத்தக் குடுங்க."

"அது வேற அக்கவுண்ட்மா."

"வயிறு ஒண்ணுதான சார்?" என்று கேட்டுவிட்டு அந்த அம்மா செருப்பை மாட்டிக்கொண்டார்.

ஊர் வாய்

நாங்கள் யாரும் எதையும் பரப்பவில்லை. அந்த அம்மா பக்கத்துக் கடையில் போய் உட்கார்ந்ததும் முதல் வேலையாகத் தாமே சொன்னார். அந்தக் கடைக்காரர் காதுகுளிரக் கேட்டு, வருகிறவர்களுக்கெல்லாம் சொன்னார். மிச்சத்தை ஷேர் ஆட்டோக்கள் பார்த்துக்கொண்டன. "நீங்களா சொன்னீங்க?" என்று சாமுவேலைக் கேட்டேன். "நான் இன்னாத்துக்குச் சொல்றேன், பின்னாடி ஏறினவங்களே சொல்லிக்கினு வராங்க" என்றார். முகத்தைப் பார்த்தால் நம்பும்படியாக இல்லை.

வேன்கள் எங்கள் வாசலில் வேகம் குறைக்காமல் போக ஆரம்பித்தன. கோர்ட் சார் பெரிதாகத் தள்ளுபடிப் பலகை வைத்தார். அது இன்னும் மோசமாகப் போயிற்று. வயிற்றெரிச்சல் புடவையைக் குறைந்த விலைக்கு விற்கிறார்கள் என்று ஊர் புரிந்துகொண்டது. கம்பெனியை வாங்க வருவதாக இருந்த ஆளும், கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டாராம்.

ஒரு நாள் கோர்ட் சார் எங்களைக் கூப்பிட்டார். "சட்டத்துல இந்த வயித்தெரிச்சலுக்கெல்லாம் பிரிவு கிடையாது, தெரியுமா?" என்றார். குரலில் பழைய தெம்பு இல்லை. கொஞ்சம் இழுத்துவிட்டு, "எங்க அம்மாகிட்ட போன்ல சொன்னேன். உன் தங்கச்சிக்கு அந்தக் கடையில புடவை எடுத்துடாதடான்னு சொல்றாங்க" என்றார். அன்றுதான் அவரை எனக்குப் பிடித்தது.

ஏகாம்பரம் அண்ணா தொண்டையைக் கனைத்தார். சண்டை போடத் தெரியாத மனிதர், தலையைக் குனிந்தபடியே சொன்னார். "சார், இனிமே வேல செய்யற மாசத்துக்குச் சம்பளம் வந்தா விரிக்கறோம். வரலன்னா நானும் மெத்தையில குந்திடுவேன். போணியே வந்தாலும் எழுந்துருக்க மாட்டேன்."

அவர் வாயால் போணி என்று வந்ததும் நாங்கள் எல்லாரும் அவரையே பார்த்தோம். அவருக்கே தூக்கிவாரிப் போட்டிருக்க வேண்டும். கோயில் இருக்கும் திசையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அந்த மாதச் சம்பளம் வந்தது. எங்கிருந்தோ கேஷ் ஃப்ளோ சரியாகிவிட்டது. பழைய பாக்கி மட்டும் வரிசையில் நிற்கும் என்றார் கோர்ட் சார். வரிசையில் எங்களுக்கு முன்னால் யார் யார் நிற்கிறார்கள் என்று கேட்டதற்கு, ப்ராசஸ்ல இருக்கு என்றார். வந்த பணத்தில் தளம் போட முடியவில்லை. ஷீட் போட்டோம். முதல் மழை அதன் மேல் விழுந்த சத்தத்தில் சாமுவேலும் நானும் கத்திக் கத்திப் பேசிக்கொண்டோம். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

கடன்பட்ட கம்பெனிக்காகச் சம்பளமில்லாமல் உழைக்கலாமா என்று இப்போது யாராவது கேட்டால், என் அப்பா சொன்னதைத்தான் சொல்வேன். ஆனால் ஏகாம்பரம் அண்ணா கடையைத் திறந்து வைத்திருக்காவிட்டால் அந்த அம்மா உள்ளே வந்திருக்கவே மாட்டார் என்பதையும் மறைக்க மாட்டேன். அவரிடம் இதை நான் நேரில் ஒத்துக்கொண்டதில்லை. இதைப் படித்துவிட்டு ஒரு மாதம் பெருமையடிப்பார். அடிக்கட்டும்.

சம்பளம் வந்த செய்தியும் ஊருக்குள் பரவியதும் வேன்கள் திரும்ப நிற்க ஆரம்பித்தன. ஆனால் வருகிறவர்கள் இப்போது விலை கேட்பதற்கு முன்னால் வேறொன்றைக் கேட்கிறார்கள். அந்த ஐப்பசியில் மகளோடு வந்த ஒரு தாய், நான் தட்டை நீட்டியதும் கையை நீட்டாமல் என் முகத்தையே பார்த்தார். பக்கத்தில் கோர்ட் சார் நின்றிருந்தார்.

"சம்பளம் வந்துச்சாமா? வயிறு குளிர்ந்துதான குடுக்கற?"

"இந்த மாசத்துக்குக் குளிர்ந்துதான்மா இருக்குது, தைரியமா வாங்கிக்குங்க" என்றேன். "கோடை மாசத்துக்கு மட்டும் இன்னும் எரியுது. அதோ, அந்தக் கடைசி அலமாரி கோடையில வந்த சரக்கு. அத மட்டும் தொடாதீங்க."

அந்த அம்மா தலையாட்டிவிட்டுத் தட்டை வாங்கிக்கொண்டார். கோர்ட் சார் குனிந்து மடிக்கணினியைத் திறந்தார். அந்த அலமாரியில் இருந்து இன்றுவரை ஒரு புடவைகூட விற்கவில்லை.